பண்டமாரான் திடலும் இருபத்தெட்டு நாள் சுண்ணாம்பும்

"பந்தல் போட மாட்டேன்னா மாட்டேன்தான் அக்கா! நீங்க தொண்டை கிழிய கத்துனாலும் சரி, பாதர்கிட்டப் போய்ச் சொன்னாலும் சரி!"

"யாருடா கத்துறா? நான் கத்த ஆரம்பிச்சா நீ இந்நேரம் கடல்ல போய் விழுந்திருப்பே!"

சூசன் கத்தவில்லை என்பது மூன்று வீடு தள்ளி மீன் கழுவிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது. வாசற்படியில் இரண்டு பேருக்கும் நடுவே நின்றிருந்தார் அவள் கணவர் கிரிகரி. கையில் தேநீர்க் கோப்பை. பந்தல்காரர் கன்னையாவுக்காகக் கொண்டுவந்தது. கொடுக்கலாமா, திருப்பி எடுத்துக்கொண்டு போகலாமா என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் தாமே குடித்துவிட்டார்.

சண்டை திடலைப் பற்றியது. கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் எங்கள் சந்து முடிகிற இடத்தில் ஒரு திடல் இருக்கிறது. சந்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், தாலி கோயிலில் ஏறினாலும் தேவாலயத்தில் ஏறினாலும், ராத்திரிச் சோறு அந்தத் திடலில்தான். போன வருடம் அய்யாவு மகள் ஷாமினியின் கல்யாண விருந்தில் மழை பிடித்துக்கொண்டது. களிமண் குழம்பாகி, கன்னையாவின் பந்தல் கால் ஒன்று மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. பந்தல் கூரை தேக்கி வைத்திருந்த தண்ணீர் முழுவதும் மாப்பிள்ளையின் பெரியம்மா மேல் கொட்டியது. அந்த அம்மாளை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது போலக் குறி தவறாமல் கொட்டியது. அதன்பிறகு நகராண்மை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது: மண் உறுதிச் சான்றுக் கழகத்தின் சான்றிதழ் இல்லாமல் அந்தத் திடலில் இனிப் பந்தல் கூடாது. மீறினால் கன்னையாவின் லைசென்ஸ் போய்விடும்.

"வேற மண்டபம் பாருங்களேன் அக்கா."

"எல்லா மண்டபமும் புக்கிங். மாப்பிள்ளைக்கு லீவு இன்னும் நாலு மாசத்துல பதினெட்டே நாளு. அதை விட்டா ஒம்போது மாசம் கப்பல்லதான். இருபத்தாறு வருஷமா அந்தத் திடல்ல ஊரான் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டுக் கை கழுவிட்டு வந்தவ நான். என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் இலை போட வேணாமா?"

பெண் ஷார்மைன். மாப்பிள்ளை ரயன், சரக்குக் கப்பலில் எஞ்சின் அறைக்காரன். பெண்ணுக்கு வயது முப்பத்தொன்று. இந்த நிச்சயம் மூன்றாவது. முதல் இரண்டும் எப்படிக் கலைந்தன என்பது எங்களுக்குத் தெரியும்; அது இந்தக் கதைக்கு வேண்டாம். மூன்றாவதும் கலைந்தால் சந்தில் தலைகாட்ட முடியாது என்று சூசன் நினைத்தாள் என்பது மட்டும் வேண்டும்.

கிரிகரி துறைமுகத்தில் முப்பது வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வழியில் ஒரு பொருள் நின்றால் பேசாமல் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார். தரையில் அம்புக்குறி போட்டிருந்தால் அதன்படி போவார். அரசாங்க முத்திரை குத்திய எதையும் அவர் சந்தேகப்பட்டதில்லை.

மண்ணுக்கு வழி சொன்னது துறைமுகத்துக் கூட்டாளிகள்தான். கிள்ளான் களிமண்ணில் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கினால் போதுமாம். முதல் நாள் மண் பொலபொலவென்று உதிரும்; பிறகு நாளுக்கு நாள் கெட்டிப்படும்; ஒரு மாதத்தில் அதன் மேல் லோரியே நிற்கும் என்றார்கள். ஈப்போவிலிருந்து ஒரு லோரிச் சுண்ணாம்பு வந்து இறங்கியது. டிராக்டர் உழுதது. நூறு பங்கு மண்ணுக்கு ஆறு பங்கு சுண்ணாம்பு என்று கிரிகரி கணக்கு மாறாமல் கலந்தார். அன்று காற்று வேறு. சந்தே வெள்ளை பூத்துப்போனது. அய்யாவுவின் கறுப்பு நாய் வெள்ளை நாயாகி வீட்டுக்குப் போக, எவன் வீட்டு நாயோ என்று அய்யாவு அதை விரட்டிவிட்டார்.

மறுநாள் கிரிகரி கொமுட்டர் ரயிலேறி கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் போனார்.

கழகம் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் உண்டு. அதன் கதவில், 'தாங்கும் வலுவுக்கான சான்று எதிர்பார்க்கப்படுகிறது, படிகளைப் பயன்படுத்தவும்' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. காகிதம் பழுத்திருந்தது. மேலே, 'மிதிக்குமுன் சோதிப்போம்' என்று பெரிய எழுத்தில் எழுதிய சுவருக்குக் கீழே, கவுண்டரில் டீனா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப ஈசி அங்கிள்" என்றாள் டீனா. ஒரு இரும்புக் குழாயையும் பதினாறு பக்கப் படிவத்தையும் நீட்டினாள். "உங்க திடல் மண்ண இந்தக் குழாய்க்குள்ள போட்டு இடிச்சு மூணு உருளை செய்யணும். பிளாஸ்டிக் சுத்தி இருபத்தெட்டு நாள் வைக்கணும். இருபத்தெட்டாவது நாள் கொண்டு வந்தா, பூச்சோங் லேப்ல மெஷின்ல வச்சு அமுக்கிப் பார்ப்பாங்க. எவ்வளவு பாரத்துக்கு உடையுதோ அதான் மண்ணோட வலு."

"எங்கம்மா வைக்கிறது? இங்கயா?"

"இங்க எடம் இல்ல அங்கிள். உங்க வீட்டுலதான். ஈரம் போகக் கூடாது. வெயில் படக் கூடாது. அதிர்வு கூடாது. பக்கத்துல சத்தம் போட்டுப் பேசக் கூடாது."

"சத்தமா?"

"போரத்துல இருக்கு."

கிரிகரி படிவத்தில் அந்த வரியைத் தேடிப் படித்தார். இருந்தது. வீட்டில் யார் பேசுவார்கள் என்பதை நினைத்துக்கொண்டே படியிறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மூன்று உருளைகளையும் செய்தார். வீட்டில் அமைதியான இடம் சாமி படத்துக்குக் கீழே இருந்த அலமாரிதான். உருளைகள் அங்கே குடியேறின. அன்றிலிருந்து சூசன், புருஷனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அவரைக் கையைப் பிடித்துச் சந்துக்கு இழுத்து வந்து சொன்னாள். எங்களுக்கு அந்த மாதங்கள் நல்ல மாதங்கள்.

இருபத்தெட்டாம் நாளுக்கு முதல் நாள், எதற்கும் கேட்டு வைப்போம் என்று கிரிகரி டீனாவுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கா அங்கிள்? நாளைக்கு ஞாயிறு. ஆபீஸ் ச்சூத்தி, லீவு."

"அப்போ திங்கக்கிழமை வரேன்."

"அது இருபத்தொம்போது. முத்திப் போயிடும். போரத்துல இருபத்தெட்டுன்னுதான் கட்டம் இருக்கு."

"இன்னிக்கே வந்துடவா?"

"இருபத்தேழு அங்கிள். பிஞ்சு."

கிரிகரி விரல்விட்டு எண்ணினார். "ஏம்மா, ஞாயித்துக்கிழமை செஞ்சா இருபத்தெட்டு நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமைதானே வரும்?"

அந்தப் பக்கம் நாட்காட்டி புரளும் சத்தம் கேட்டது. "அலாமாக்" என்றாள் டீனா உண்மையான வியப்போடு. "எப்பவுமே அப்படித்தான் வரும் போல அங்கிள்!"

அடுத்த மூன்று உருளைகளை கிரிகரி லீவு எடுத்துச் செவ்வாய்க்கிழமை செய்தார். நாலு வாரம் சூசன் சந்தில் பேசினாள். இருபத்தெட்டாம் நாள் செவ்வாய். உருளைகளை ஈரத்துணியில் சுற்றி, சாப்பாட்டுக் கேரியரில் வைத்து, ரயிலில் மடியில் ஏந்திக்கொண்டு போனார். பக்கத்துச் சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிற உருளையில் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"கேப்பைப் புட்டா அண்ணே? தேங்கா கம்மியா போட்டிருக்காங்களே."

"இது ஒடைக்கிறதுக்கும்மா" என்றார் கிரிகரி. அந்த அம்மாள் வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

பிரிக்பீல்ட்ஸில் மூன்று மாடி ஏறினால் கதவு பூட்டியிருந்தது. முதல் நாள் மாலைதான் டிவியில் அறிவித்திருந்தார்களாம், நாட்டுக்கே திடீர் விடுமுறை என்று. கிரிகரி மடியில் உருளைகளை அணைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினார். ரயிலில் நல்ல கூட்டம். எல்லோரும் குடும்பத்தோடு எங்கோ சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை அவரைக் கழகத்தின் இயக்குநர் கமலநாதனிடமே அனுப்பி வைத்தாள் டீனா. கமலநாதன் மேடையில் பேசுகிற தமிழையே வீட்டிலும் பேசுகிறவர் என்று கேள்வி. அறையில் அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் ஒரு களிமண் கட்டி இருந்தது. கழகத்தின் முதல் மாதிரி. இன்னும் சோதிக்கப்படவில்லை.

"திரு கிரிகரி அவர்களே, உங்கள் கோப்பில் நான் ஒரு பெரும் பிழையைக் கண்டுபிடித்திருக்கிறேன். நீங்கள் நாள்காட்டியின்படி இருபத்தெட்டு நாட்களை எண்ணியிருக்கிறீர்கள். எண்ண வேண்டியது வேலை நாட்களை."

"சார், சுண்ணாம்பு தினமும் இறுகுது சார். ஞாயித்துக்கிழமையும் இறுகும்."

"இறுகட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஞாயிற்றுக்கிழமை அது இறுகியபோது மேற்பார்வைக்கு எந்த அதிகாரி இருந்தார்? அதிகாரி இல்லாத நேரத்தில் ஏற்பட்ட வலுவைக் கழகம் எப்படி அங்கீகரிக்கும்?"

கிரிகரிக்கு இது நியாயமாகத்தான் பட்டது. துறைமுகத்திலும் சூப்பர்வைசர் இல்லாமல் செய்த ஓவர்டைம் கணக்கில் வராது.

"பதினான்கு ஆண்டுகளாக இந்த நாற்காலியில் இருக்கிறேன்" என்றார் கமலநாதன். "எங்கள் சான்றிதழ் பெற்ற திடல்களில் ஒன்றுகூட இதுவரை சரிந்ததில்லை."

"எத்தனை திடலுக்குச் சார் குடுத்திருக்கீங்க?"

"இன்னும் ஒன்றுக்கும் கொடுக்கவில்லை." அவர் குரலில் பெருமை ததும்பியது. "அந்த அளவுக்குக் கவனமாக இருக்கிறோம்."

கிரிகரி மறுநாளே மூன்றாம் முறையாக உருளைகளைச் செய்தார். இருபத்தெட்டு வேலை நாள் என்பது, அரை நாள்தான் என்பதால் எண்ணிக்கையில் வராத சனி, ஞாயிறு, இரண்டு பண்டிகை, ஒரு பதிலி விடுமுறை எல்லாம் கழித்து நாற்பத்தொரு நாளாக நீண்டது. அதற்குள் ரயன் கப்பலிலிருந்து இறங்கிவிட்டான். தேவாலயத்தில் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. முந்நூற்றைம்பது பேருக்கு அழைப்பிதழ் போய்விட்டது; விருந்து நடக்கும் இடம் என்று போட்ட வரியில் 'திடல்' என்றுதான் இருந்தது. ஷார்மைன் தினமும் வேலை விட்டு வந்ததும் அலமாரியைத் திறந்து உருளைகளைப் பார்த்துவிட்டு மூடுவாள். அதைத்தான் கிரிகரியால் தாங்க முடியவில்லை.

"கெட்டியாயிடுச்சாப்பா?" என்று ஒரு நாள் கிசுகிசுத்தாள்.

"ஆயிடும்மா" என்று அவரும் கிசுகிசுத்தார்.

நாற்பத்தொன்றாம் நாள், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால், பூச்சோங் ஆய்வுக்கூடத்தில் குரு என்கிற இளைஞன் உருளையை மெஷினுக்குள் நிறுத்தினான். வருடக்கணக்கில் வேலையில்லாத மெஷின். குரு அதற்குத் தினமும் எண்ணெய் மட்டும் போட்டு வந்திருக்கிறான். மேலிருந்து இரும்புத் தட்டு இறங்கி உருளையை அமுக்கியது. முள் ஏறியது. படிவத்தில் கேட்டிருந்த அளவைத் தாண்டியது. அதைப் போல இரு மடங்கு, மூன்று மடங்கு என்று போய், டப்பென்று உருளை சாய்வாக வெடித்தது. மற்ற இரண்டும் அப்படியே.

"அங்கிள், இது மண்ணு இல்ல லா. கல்லு!" குரு கிரிகரியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். அவன் கண்ணே கலங்கிவிட்டது. ஆறு வருடத்தில் அவன் முடித்த முதல் சோதனை அது. கிரிகரி வீட்டுக்குப் போன் போட்டார். மூன்று மாதத்தில் முதன்முறையாகச் சூசன் வீட்டுக்குள்ளிருந்தே கத்தினாள்.

மறுநாள் கவுண்டரில், ஆய்வுக்கூடம் கட்டிக் கொடுத்த பொட்டலத்தை டீனா பிரித்தாள். முகம் மாறியது.

"அங்கிள்... இது ஒடஞ்சிருக்கே."

"ஆமாம்மா. நல்லா ஒடஞ்சுச்சு. மூணு மடங்கு பாரம்."

"ஒடஞ்ச மாதிரிக்கு சான்றிதழ் குடுக்க முடியாதே. விதி பதினொண்ணு. மாதிரி எந்த வடிவத்துல வந்துச்சோ அதே வடிவத்துல கோப்போட இருக்கணும்."

"ஒடைச்சது நீங்கதானேம்மா!"

"லேப் ஒடைச்சாங்க அங்கிள். நான் கவுண்டர்."

"ஒடைக்காம எப்படிம்மா வலு தெரியும்?"

டீனா படிவத்தின் பதினாறு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள். அவள் கெட்ட பெண் இல்லை. "இது வரைக்கும் யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்ல அங்கிள்" என்றாள் மெதுவாக. "அதனால எங்களுக்கே தெரியல."

விஷயம் மீண்டும் கமலநாதனிடம் போனது. அவர் நாலு நாள் ஆலோசித்து, கழக வரலாற்றில் இல்லாத முடிவெடுத்தார். திடலுக்கே நேரில் வந்து, பூமியிலிருந்தே மாதிரி எடுப்பது. நாள், வியாழக்கிழமை. கல்யாணம் சனிக்கிழமை.

வியாழன் காலை சந்துக்குள் முதலில் நுழைந்தது கன்னையாவின் பந்தல் லோரி. சூசன் துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

"எனக்குப் போட மாட்டேன்னே! இப்ப எவனுக்குடா போட வந்தே?"

"ஆபீஸ் ஆர்டர் அக்கா. கழகத்து நிகழ்ச்சி. அவங்களுக்கு சான்றிதழ் வேணாமாம், அவங்கதான் சான்றிதழாம்."

போன வருடம் சரிந்த அதே பந்தல். அதற்கு இப்போது மஞ்சள் துணியில் சுருக்கு வைத்துத் தைத்திருந்தார்கள். கூட இன்னும் மூன்றைச் சேர்த்துத் திடல் முழுக்கப் போட்டார்கள். நாற்காலி நானூறு, கழகத்தின் எல்லாப் பிரிவுகளையும் அழைத்திருந்தார்களாம். மேடை, மைக், 'மிதிக்குமுன் சோதிப்போம்' பதாகை, கொட்டகையோரம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். எல்லாவற்றையும் ஏற்றி வந்த ஐந்து லோரிகளும் திடலிலேயே நின்றன.

கமலநாதன் மேடையேறி நாற்பது நிமிடம் பேசினார்.

"அன்பர்களே! ஒரு நிமிடம் சிந்தியுங்கள். இந்த மண்ணை நம்பி ஒரு பந்தல் போட முடியுமா? இந்த மண்ணை நம்பி ஒரு நூறு பேர் உட்கார முடியுமா? ஒரே ஒரு லோரியாவது நிறுத்த முடியுமா? முடியும் என்று எவராவது சொன்னால், அவருக்குப் பொறுப்பில்லை என்றுதான் நான் சொல்வேன்!"

நானூறு நாற்காலியிலிருந்தும் கைதட்டல் எழுந்தது. அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. போன வருடத்து மழைக்கு அண்ணன் போல. வெளியே நின்று வேடிக்கை பார்த்த சந்துக்காரர்கள் எல்லோரும் பந்தலுக்குள் ஓடினார்கள். அய்யாவு மட்டும் யாரையும் பார்க்காமல், பந்தல் கால் ஒன்றின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பார்த்தார். அது அசையவில்லை. தண்ணீர் மேலாக ஓடி வடிகாலுக்குப் போய்விட்டது.

"என் மக கல்யாணத்தப்போ இது மட்டும் இப்படி நின்னிருந்தா..." என்றார். அவர் சம்பந்தி வீட்டார் இன்னும் இவர் வீட்டு வாசல் மிதிப்பதில்லை.

மழை விட்டதும், மாதிரி எடுக்கும் துளைக்கருவியைக் குரு நட்டான். களிமண்ணுக்கென்றே செய்த கைக்கருவி. மரத்தில் இறக்கும் பெரிய திருகாணி போல இருக்கும். கைப்பிடியைச் சுற்றினான். அது நின்ற இடத்திலேயே சுழன்றது. இரண்டு பேர் சேர்ந்து சுற்றினார்கள். நாலு பேர் சேர்ந்தார்கள்.

"அழுத்திச் சுற்று!" என்றார் கமலநாதன் மைக்கில்.

கருவியின் மூக்கு வளைந்தது. அடுத்த கருவி வந்தது. அதன் கைப்பிடி முறிந்து நாசி லெமாக் பக்கம் போய் விழுந்தது. மூன்றாவதைக் குரு பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

"சார், உள்ள போகல. ரொம்ப கெட்டியா இருக்கு."

"கெட்டியாக இருக்கிறதா இல்லையா என்பதைச் சோதித்த பிறகு நான் சொல்வேன்" என்றார் கமலநாதன். பிறகு மைக்கைத் தட்டிச் சரிபார்த்தார். "இது மண் என்றால் கருவி உள்ளே போக வேண்டும். போகவில்லை. பாறை என்றால் அது எங்கள் அதிகாரத்தில் வராது. ஆக, மாதிரி கிடைக்காத காரணத்தால் இந்தத் திடலின் வலு நிரூபிக்கப்படவில்லை. பணி நிறைவு பெறாமல் ஒத்திவைக்கப்படுகிறது."

டீனா தலை குனிந்து எழுதிக்கொண்டாள். ஷார்மைன் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தாள். ரயன் பின்னால் போனான். சூசன் கத்தவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு டீனா எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

கிரிகரி பந்தலைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். முப்பது வருடப் பழக்கம். வழியில் எது நின்றாலும், அதை எப்போது நகர்த்துவது என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றும்.

"சார்," என்றார், "அப்ப இந்தப் பந்தலை எப்போ சார் பிரிப்பீங்க?"

"பிரிப்பதா?" கமலநாதன் அதிர்ந்தார். மைக் இன்னும் கையில் இருந்தது. "விதி பத்தொன்பது! மாதிரி எடுக்கும் பணி நிறைவு பெறும் வரை களத்தில் ஒரு ஆணிகூட அசையக் கூடாது. நாற்காலி உட்பட. இது கழகத்தின் பந்தல்!"

"பணி எப்போ சார் நிறைவாகும்?"

"மண் கிடைக்கும்போது."

கிரிகரி வளைந்த கருவியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். சூசன் ஏற்கெனவே டீனாவின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அதை அப்படியே எழுதிக் குடும்மா" என்றாள், அலமாரிக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில். "ஆணிகூட அசையக் கூடாதுன்னு. முத்திரையும் குத்திக் குடு."

சனிக்கிழமை ராத்திரி கழகத்தின் பந்தலிலேயே முந்நூற்றைம்பது பேருக்கு இலை போட்டாள் சூசன். எங்களுக்கெல்லாம் மூன்று முறை ஆட்டுக்கறி வந்தது. பதாகையையும் அசைக்கக் கூடாதென்பதால், கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் ஷார்மைன், ரயன் தலைக்கு மேல் 'மிதிக்குமுன் சோதிப்போம்' என்றிருக்கிறது. கமலநாதன் தலைமை விருந்தினராக வந்து வாழ்த்திப் பேசிவிட்டு, களம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்வையிட்டார்.

ரயன் கப்பல் வேலையை விட்டுவிட்டு பந்திங் பக்கம் மெக்கானிக் பட்டறை வைத்தான். ஷார்மைன் அங்கே போய்விட்டாள், இரட்டைப் பிள்ளைகள். குரு மாதம் ஒரு முறை புதுக் கருவியோடு திடலுக்கு வருவான். வளைந்ததை எடுத்துக்கொண்டு திரும்புவான். கோப்பில் கையெழுத்துப் போட டீனாவும் கூட வருவாள். இப்படி வந்து வந்து அவர்களுக்கும் அந்தப் பந்தலிலேயே கல்யாணமாகி, இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுப் பினாங்குக்குக் குடிபோய்விட்டார்கள். கன்னையா வேறு பந்தல் வாங்கிக்கொண்டார். இதுவரை அந்தத் திடலில் பதினோரு கல்யாணம் நடந்திருக்கிறது. சான்றிதழ் இன்னும் வரவில்லை.

பதினோராவது கமலநாதனின் மகள் கல்யாணம். எந்த மண்டபமும் கிடைக்கவில்லையாம். படிவத்தில் 'கள ஆய்வுக் கூட்டம், அறுநூறு பேர்' என்று எழுதியிருந்தார். விருந்தில் யாரும் பார்க்காத நேரம் அவர் குதிகாலால் தரையை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். கிரிகரி மட்டும் பார்த்துவிட்டு, அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார். கல்யாணப் பெண் மாப்பிள்ளையோடு ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த்துக்குப் போய்விட்டாள்.